ஐஸ்கிரீம் டப்பாக் காவல்

நவராத்திரி தொடங்கிவிட்டால் போதும், மங்களத்தின் வீட்டில் பேச்சு மூச்செல்லாம் முறுக்குதான். தெம்பனிஸில் ஒன்பதாவது மாடி, நல்ல காற்றோட்டமான வீவக அடுக்குமாடி வீடு. கூடத்தில் சாய்வு நாற்காலி, சுவரை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சி எல்லாம் உண்டு. என்ன பிரயோசனம்? தீபாவளி முடிகிற வரைக்கும் அவளுக்கு வீடென்றால் அடுப்படி மட்டும்தான். பச்சரிசியைக் கழுவி உலர்த்தி அரைத்து, உளுந்தைச் சிவக்க வறுத்துப் பொடித்து, வெண்ணெய், எள், ஓமம் எல்லாம் சேர்த்து மருமகள் நிவேதிதா பின்னால் நின்று பிசைந்து கொடுப்பாள். மங்களம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றால் நின்றதுதான்.

அவள் முறுக்கைப் பார்த்து எடுப்பதில்லை, கேட்டுத்தான் எடுப்பாள். போட்டவுடன் எண்ணெய் ஓவென்று இரையும். இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்து முணுமுணுப்பாகிற சமயத்தில் கரண்டியை விட்டு அள்ளினால் பதம். கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள், கடித்துக் குதறிவிடுவாள். "பேசாம இருங்களேன், எண்ணெய் பேசுறது கேக்கல எனக்கு" என்பாள். தெம்பனிஸில் பாதி பேருக்கும், லாரி பிடித்து வந்து வாங்கிப் போகிற இன்னும் சில பேருக்கும் அவள் கை முறுக்குதான் தீபாவளி. அந்தப் பெருமை அவளுக்கு இல்லாமலில்லை.

இப்படி அடுப்போடு கட்டிப்போட்டது போல நிற்கிறவள், புருஷனை எப்படிக் கவனிப்பது? அதுதான் அந்த வீட்டின் கவலை.

மாசிலாமணி விமான நிலையத்தில் சரக்கு இழுக்கும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு மறதி நோய் வந்து சேர்ந்தது. முதலில் சாவியை மறந்தார். அப்புறம் சாப்பிட்டதை மறந்தார். பிறகு எந்தப் புளோக், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் போயிற்று. போன மாதம் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனவரை விரைவுச்சாலை ஓரத்திலிருந்து போலீஸ்காரர்கள் அழைத்து வந்தார்கள். பறந்து வருகிற லாரிகளை எல்லாம் "இப்படி வா, இப்படி வா" என்று கை காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், மனிதர்! அதைக் கேட்டதிலிருந்து மங்களம் லாரிச் சத்தம் கேட்டாலே போட்டது போட்டபடி கூடத்துக்கு ஓடி வந்து பார்ப்பாள்.

கேட்டைப் பூட்டிப் பார்த்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன், என்னைத் தொறந்து விடுங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அழுதார். அந்தக் கண்றாவியை ஒரு மத்தியானத்துக்கு மேல் மங்களத்தால் பார்க்க முடியவில்லை. பூட்டைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

மகள் ரோஷினிக்குக் கல்யாணமாகிச் சுவா சூ காங்கில் இருந்தாள், தீவின் அந்தக் கோடி. பாலர் பள்ளியில் ஆசிரியை. விரைவுச்சாலை விஷயம் தெரிந்த அன்று ஓடி வந்தவள், அழுது முடித்துவிட்டுக் கறாராகச் சொன்னாள்.

"அம்மா, இதான் லாஸ்ட். இன்னொரு தடவை அப்பா தனியா வெளிய போனாருன்னா முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம். அண்ணனும் ஓகே சொல்லிட்டாரு."

"ஹோம்ல நம்ம சாப்பாடு போடுவாங்களாடி?"

"சாப்பாடா முக்கியம்? லாரி அடிச்சா என்ன செய்வீங்க? எனக்கு ராத்திரி தூக்கமே வரல்லம்மா."

அவள் சொன்னதில் என்ன தப்பு? அதுதான் மங்களத்தைக் கொன்றது. தப்பாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

நிவேதிதா திருச்சியில் மின்னணுவியல் படித்தவள். மங்களத்தின் மகன் வெங்கடேஷைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர்வதற்கு நடுவே அப்போது வீட்டில் இருந்தாள். அந்த வாரமே ஜாலான் புசார் பக்கத்து மின்னணுக் கடைக்குப் போய் ஒரு காகிதப் பை நிறைய என்னென்னவோ வாங்கி வந்தாள். தின்று தீர்த்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் துளை போட்டு, கம்பிகளைச் செருகி, வாசல் நிலையில் இடுப்பளவு உயரத்தில் மாட்டினாள். டப்பாவின் முகத்தில் இரண்டு வட்டமான வெள்ளிக் கண்கள்.

"என்னம்மா இது, ஆந்தை மாதிரி முழிக்குது?" என்றாள் மங்களம்.

"தூரம் அளக்குற சென்சார், அத்தை. ஒரு கண்ணு சத்தம் போடும், ஆனா நம்ம காதுக்குக் கேக்காது. அந்தச் சத்தம் எதிர்ல செருப்பு அலமாரில பட்டுத் திரும்பி வரும். இன்னொரு கண்ணு அதைக் கேட்டுக்கும்."

"கண்ணு எப்படிம்மா கேக்கும்?"

"பாக்கத்தான் கண்ணு. உண்மையில ஒண்ணு வாய், ஒண்ணு காது."

"அப்ப மூக்கு?"

"மூக்கு இல்ல, அத்தை" என்று நிவேதிதா சிரித்துவிட்டாள். "மாமா குறுக்க வந்தா சத்தம் அவர் மேல பட்டுச் சீக்கிரமே திரும்பிடும்ல? தூரம் கொறைஞ்சிருச்சுன்னு உள்ள இருக்குற குட்டிக் கன்ட்ரோலர் கணக்குப் போட்டு, அடுப்படில மணி அடிக்கும். அவ்ளோதான்."

மங்களம் உதட்டைப் பிதுக்கினாள். ஐஸ்கிரீம் தின்ற டப்பா புருஷனைக் காப்பாற்றும் என்று யார்தான் நம்புவார்கள்?

முதல் இரண்டு நாள் அவள் நினைத்தது போலவேதான் ஆயிற்று. ஆள் யாரும் வராமலே மணி அடித்தது. பதறிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தால் மாசிலாமணி நாற்காலியில் தேமேயென்று உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தால் ஒரு சட்டி முறுக்கு கருகியிருக்கும். "உன் டப்பாவைத் தூக்கிக் குப்பைல போடு" என்று மங்களம் தாளித்துக் கொட்டினாள். நிவேதிதா தரையில் சப்பணமிட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு மாவுக் கையோடு ஆராய்ந்தாள். கண்டும் பிடித்தாள். செருப்பு அலமாரியின் மேல் மாசிலாமணி தடித்த துண்டைப் போட்டுவிடுகிறார். துண்டு அந்தச் சத்தத்தைக் குடித்துவிடுகிறது. எதிரொலி திரும்பாவிட்டால் தூரம் பூஜ்யம் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டு, ஆள் மூக்கருகே நிற்பதாக நினைத்து மணி அடிக்கிறது.

"எதிரொலி வரலன்னா பேசாம இருன்னு சொல்லிக் குடுத்துட்டேன், அத்தை. இனிமே வீணா அடிக்காது."

அப்புறம் வீணாக அடிக்கவில்லை. மாசிலாமணி எழுந்து வாசலுக்குப் போனால் மட்டும் அடுப்படியில் 'டிங் டாங்' என்றது. மங்களம் கரண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மாதான்."

"சும்மா போறதுக்கு எதுக்குச் செருப்பு? வாங்க, வந்து உக்காருங்க."

கையில் ஒரு முறுக்குத் துண்டைக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள். அவர் நோயாளியான பிறகு முதல் முறையாக மங்களம் முதுகுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்காமல், நிம்மதியாக எண்ணெயின் சத்தத்தைக் கேட்டாள். ஒரு வாரத்தில் டப்பாவின் மேல் அவளுக்குப் பாசமே வந்துவிட்டது. போகும்போது வரும்போது அதன் தூசியைத் தட்டிவிடுவாள்.

பாசம்தான் வினையாகப் போயிற்று.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு அடுப்புக்கு ஓய்வு. காலையிலேயே முறுக்கு உழக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள். தராசு, மிக்ஸி, பொட்டலம் ஒட்டும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, மகனின் மோட்டார் சைக்கிள் சாவி என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நிவேதிதாவின் மடிக்கணினிக்கும் வைத்தாள். திரையில் வைக்கக் கூடாது என்று போன வருஷமே மகன் கத்தியிருந்ததால் மூடியின் மேல் வைத்தாள்.

நிவேதிதா பூ வாங்கக் கீழே போயிருந்த நேரம் அது. கிண்ணத்தில் சந்தனம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மங்களம் வாசலுக்கு வந்தாள். அத்தனை பேருக்கும் வைத்துவிட்டு, ராவும் பகலும் புருஷனைக் காக்கிற இந்தப் பிள்ளைக்கு வைக்காமல் இருந்தால் அடுக்குமா?

"உனக்கில்லாமயாடா, ராசா" என்றாள்.

எங்கே வைப்பது? டப்பாவின் முகமெல்லாம் ஐஸ்கிரீம் படம், எழுத்து, வழவழப்பு. ஒரு பொட்டு வைத்தால் நிற்காது. ஆனால் அந்த இரண்டு கண்களும் இருக்கின்றனவே, வட்ட வட்டமாக, சொரசொரவென்று வலை போட்டு, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல! விரலால் நன்றாகக் குழைத்து ஆளுக்கொரு சந்தனப் பொட்டு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். லட்சணமாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று முழுக்க எல்லாரும் கூடத்திலேயே இருந்தார்கள். மாசிலாமணி பொரியும் கடலையும் தின்றுகொண்டு சாமி படத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். வாசலைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை. தோரணமும் மாலையும் தொங்கிய நிலைப்படியில் டப்பாவை யார் உற்றுப் பார்த்தார்கள்?

மறுநாள் அடுப்பு எரிந்தது. ஒருநாள் விட்ட வேலைக்கு இரண்டு மடங்கு ஓட்டம். வெங்கடேஷ் கப்பல் வேலையாகப் பக்கத்துத் தீவான பாத்தாமுக்குப் போயிருந்தான். பத்து மணிக்கே வானம் கறுத்து, இடி இடித்து, மழை பிடித்துக்கொண்டது. அடுப்படி ஜன்னலில் மழைச் சத்தம், சட்டியில் எண்ணெய்ச் சத்தம். மங்களம் காதைத் தீட்டிக்கொண்டு சுட்டாள்.

"இன்னிக்கு மணியே அடிக்கல, பாத்தியா? நல்ல புள்ளையா உக்காந்திருக்காரு" என்றாள் நடுவில்.

"மழைல மாமா எங்கயும் போக மாட்டாரு, அத்தை."

மழை விட்டுத் தூறலானபோது, தயிர்ச்சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. குளியலறையில் இல்லை. படுக்கையறையில் இல்லை. கேட் திறந்து கிடந்தது, செருப்பைக் காணோம்.

"நிவி!"

அந்தக் கூப்பாட்டில் நிவேதிதா மாவுக் கையோடு ஓடி வந்தாள். மங்களம் தட்டை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து, தனக்குத் தெரிந்த தமிழிலும் கையாலுமாகச் சொன்னார். "அங்கிள் லிஃப்ட்ல போயிருச்சு. குடை கொண்டு போனாரு லா. ரொம்ப நேரம் ஆச்சு. நான் நினைச்சேன் நீங்க கூட இருக்கு."

நிவேதிதா கீழே ஓடினாள். புளோக்கின் அடியிலுள்ள வாய்ட் டெக்கில் இல்லை, கோப்பிக் கடையில் இல்லை, பேருந்து நிறுத்தத்தில் இல்லை. போலீசுக்குப் போன் செய்துவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தவள், டப்பாவின் பக்கம் திரும்பவே பயந்தது போல நேரே ரோஷினிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ரோஷினியின் குரல் வீடு முழுக்க அலறியது.

"அண்ணி, அந்த டாய் என்ன செஞ்சுச்சு? அடிக்கலயா? ஐஸ்கிரீம் டப்பாவை நம்பி அப்பாவை விட்டுட்டீங்களா?"

"தெரியல, ரோஷினி. முந்தாநாள் வரைக்கும் சரியா..."

"சரியா என்ன சரியா? நான் டாக்ஸில வர்றேன். அப்பா கிடைக்கட்டும். அதுக்கப்புறம் நோ மோர் டிஸ்கஷன்."

மங்களம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரைவுச்சாலையும், தண்ணீரை வாரியடித்துக்கொண்டு வருகிற லாரிகளும்தான் கண்ணுக்குள் ஓடின. சாமி படத்தைப் பார்த்தாள். "எடுத்துக்கறதுன்னா என்னை எடுத்துக்கோ" என்று சொல்ல வாயெடுத்து, தான் போய்விட்டால் அவரை யார் பார்ப்பது என்ற யோசனை வந்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரியாஸ். எள்ளும் ஓமமும் வருஷக்கணக்காக அவன் கடையில்தான் வாங்குவாள்.

"ரியாஸு, அப்புறம் பேசுறேன்பா, இங்க..."

"அக்கா, அக்கா, வச்சிராதீங்க. அண்ணன் நம்ம கடையிலதான் இருக்காரு. பதறாதீங்க லா. டீ குடிச்சிக்கிட்டிருக்காரு."

போன உயிர் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு மங்களத்துக்குத் தெரிந்தது. முதலில் காது அடைத்துக்கொண்டது, அப்புறம் ஓவென்று அழுகை வந்தது. நிவேதிதா போனை வாங்கி, "அண்ணே, அவரை எங்கயும் விட்டுராதீங்க, நாங்க வந்துட்டோம்" என்றாள். மாமியாரும் மருமகளும் தலைத் துண்டு, மாவுக் கை எதையும் பார்க்காமல் டாக்ஸி பிடித்தார்கள். போகிற வழியில் போலீசுக்கும் ரோஷினிக்கும் தகவல் சொல்லிவிட்டாள் நிவேதிதா.

மழை கழுவிவிட்ட சிராங்கூன் சாலையில் தீபாவளித் தோரணங்கள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. ரியாஸின் கடை வாசலில் ஐந்தடி நடைபாதையை அடைத்து வெங்காய மூட்டைகள். உள்ளே ஓர் அரிசி மூட்டைமேல், தோளில் புதுத் துண்டோடு, ராஜா மாதிரி உட்கார்ந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார் மாசிலாமணி. மூத்தோர் பயண அட்டையைத் தட்டி, டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறி, சரியாக இறங்கி வந்திருக்கிறார். பாழாய்ப் போன மூளை எதை மறக்கும், எதை வைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரிகிறது!

"வந்து நின்னு, 'மங்களம் சாமான் வாங்க வந்துச்சா'ன்னு கேட்டாரு" என்றான் ரியாஸ். "இல்லண்ணேன்னு சொன்னேன். 'வர்ற வரைக்கும் இருக்கேன்'னு உக்காந்துட்டாரு. அப்பதான் எனக்கு இது சரியில்லையேன்னு பட்டுச்சு."

மங்களத்தைப் பார்த்ததும் மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. உடனே கோபமும் வந்தது.

"இவ்வளவு நேரமா எங்க போன? மழை வேற. உனக்காகத்தான் குடை எடுத்தாந்தேன்."

"நான் வீட்டுலதாங்க இருந்தேன்!"

"பொய் சொல்லாத. எல்லா இடத்துலயும் தேடிட்டேன். கூடத்துல இல்ல, ரூம்ல இல்ல."

"அடுப்படில பாத்தீங்களா?"

அவர் ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தார். "பாத்தேனே. அங்க ஒரு பொம்பள தலையில துண்டு கட்டிக்கிட்டு முறுக்கு சுட்டுக்கிட்டிருந்துச்சு. அதுகிட்ட கேக்கலாம்னுதான் போனேன். கோவக்காரி மாதிரி தெரிஞ்சுச்சு. அதான் கேக்காம வந்துட்டேன்."

ரியாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் பருப்பு அளக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மங்களத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது. தலையிலிருந்த துண்டை அவசர அவசரமாக அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். எத்தனை நாள் அந்த மனிதர் அடுப்படி வரைக்கும் வந்து, முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாரோ! அவர் பக்கத்தில் மூட்டைமேலேயே உட்கார்ந்து, அவர் கையிலிருந்த டீயில் ஒரு வாய் வாங்கிக் குடித்தாள்.

"அந்தப் பொம்பள கோவக்காரியெல்லாம் இல்லைங்க. வேலை மும்முரத்துல இருந்திருப்பா."

"இருக்கும், இருக்கும்" என்றார் அவர் பெருந்தன்மையாக.

வீட்டுக்கு வந்தபோது ரோஷினி நடைபாதையிலேயே நின்றிருந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். சோறு ஊட்டி, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்தாள். அதன் பிறகு திரும்பினாள்.

"அம்மா, பேச்சு மாறக் கூடாது. நம்ம என்ன சொன்னோம்? அண்ணி ட்ரை பண்ணாங்க, ஃபைன். ஆனா அது வேலை செய்யல."

நிவேதிதா வாசலுக்குப் போய், நிலையிலிருந்து டப்பாவைக் கழற்றினாள். மங்களமும் பின்னாலேயே போனாள். டப்பாவைத் திருப்பிய நிவேதிதாவின் கை அப்படியே நின்றது. காய்ந்து இறுகி, விளிம்பில் வெடித்து, இரண்டு கண்களையும் முழுசாக மூடிக்கொண்டு இரண்டு பெரிய சந்தனப் பொட்டுகள்.

நிவேதிதா மாமியாரைப் பார்த்தாள். மங்களம் டப்பாவைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு அதுக்கு?" என்று கூடத்திலிருந்து ரோஷினி கேட்டாள்.

நிவேதிதா சட்டென்று உள்ளங்கையால் டப்பாவின் கண்களை மறைத்துக்கொண்டாள். "வயர் லூஸாயிடுச்சு, ரோஷினி. நான் சரியா ஒட்டாம விட்டுட்டேன். என் தப்புதான்" என்றாள், நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே.

அடி பாவிப் பெண்ணே! மங்களத்துக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஈ, காக்கைக்கும் தெரியப் போவதில்லை. மகளிடம் மானம் மிஞ்சும். ஆனால் ஊர் விட்டு ஊர் வந்து, மாமனாருக்காக மாவுக் கையோடு கம்பி ஒட்டியவள், மாமியாருக்காகப் பழியையும் சுமப்பதா? மங்களம் டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வயருமில்ல, கியருமில்ல. நான்தான்டி செஞ்சேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சேன். அதோட கண்ணு ரெண்டையும் மூடிட்டேன்."

ரோஷினி டப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். குங்குமம் சிந்திய மூக்கில்லாத அந்த முகம் அவளைப் பாவமாகப் பார்த்தது.

"பொட்டு வச்சீங்களா? கண்ணுலயா?"

"நெத்தி எங்கடி இருக்கு அதுக்கு?"

அவ்வளவுதான். முதலில் ரோஷினி, பிறகு நிவேதிதா, கடைசியில் மங்களமே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காலையிலிருந்து உள்ளே அடைத்துக் கிடந்த பயமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. என்ன விஷயமென்று தெரியாமலே மாசிலாமணியும் கூடச் சிரித்தார்.

"என் தப்பும் இருக்கு, அத்தை" என்றாள் நிவேதிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதிரொலி வரலன்னா பேசாம இருன்னு சொல்லிக் குடுத்தது நான்தான. கண்ணு மறைஞ்சா கத்தணும்னு சொல்லிக் குடுத்திருக்கணும். மறைஞ்சிருச்சுன்னா அதுதான பெரிய ஆபத்து?"

சிரிப்பு அடங்கியதும் ரோஷினியின் முகம் மறுபடி கனத்தது. "சரிம்மா. இன்னிக்குக் கிடைச்சாரு. நாளைக்கு வேற எதுவாச்சும் ஆனா? எனக்குப் பயமா இருக்கும்மா. அதான் சொல்றேன். அப்பாவைத் தள்ளி விடணும்னா சொல்றேன்?"

"தெரியும்டி" என்றாள் மங்களம். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "ஆனா அவர் எதுக்குப் போனாருன்னு கேட்டியா? என்னைத் தேடிப் போயிருக்காரு. நான் அடுப்படில நிக்கும்போதே என்னைக் காணோம்னு தேக்காவுல ரியாஸ் கடை வரைக்கும் போனாரு. ஹோமுல கொண்டுபோய் விட்டா, அங்க என்னை எங்கன்னு தேடுவாரு?"

அப்பாவின் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரோஷினி எழுந்து போய் நகவெட்டி எடுத்து வந்தாள். ஒவ்வொரு விரலாக வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "சனி ஞாயிறு நான் வர்றேன். முறுக்கு நானும் அண்ணியும் பாத்துக்கறோம். நீங்க அப்பாகூட இருங்க" என்றாள். ஹோம் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. மங்களத்துக்கு மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

சந்தனம் உள்ளே வரைக்கும் இறங்கியிருந்ததால் நிவேதிதா புதுக் கண்கள் வாங்கிப் பொருத்தினாள். இப்போது கையால் கண்ணை மூடினால் டப்பா ஊரைக் கூட்டுகிறது. சோதித்துப் பார்த்தபோது பக்கத்து வீட்டு மலாய் அம்மா கரண்டியோடு வெளியே ஓடி வந்துவிட்டார். "பொட்டு வைக்கணும்னா பின்னாடி வைங்க, அத்தை" என்று டப்பாவின் முதுகில் ஓர் இடத்தையும் காட்டிக் கொடுத்தாள் நிவேதிதா.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. ஒரு மத்தியானம் மணி அடித்தது. மங்களம் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். மாசிலாமணி வாசல் நிலைக்கு எதிரே நின்றிருந்தார். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினாள். முறுக்கு ஒன்று சுற்றுவதற்குள் மறுபடி டிங் டாங். மறுபடி போனாள். மறுபடி உட்கார வைத்தாள். மூன்றாம் தடவை அடித்தபோது அவளுக்குச் சுர்ரென்று வந்தது. தலைத் துண்டை உருவி எறிந்துவிட்டுப் போய் நின்றாள்.

அவர் காலில் செருப்பில்லை. கேட் பக்கம்கூட அவர் பார்க்கவில்லை. டப்பாவுக்கு முன்னால் ஒரு அடி வருவதும், பின்னால் போவதுமாக இருந்தார்.

"எங்கதாங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் கிளம்பல."

"பின்ன எதுக்கு இங்கயே வந்து வந்து நிக்கறீங்க?"

மாசிலாமணி கொஞ்சம் கூச்சத்தோடு அவளைப் பார்த்தார். "இங்க வந்து நின்னா நீ வர்றே" என்றார்.

மங்களம் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.